பொய்ப்பூச்சி யார் கண்ணுக்கு?

அட்லாண்டிக் சால்மன் மீன் முட்டையிடுவதற்காகக் கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறிவிட்டால் அதோடு சாப்பாட்டை மறந்துவிடும். கடலில் சேர்த்துவைத்த கொழுப்புதான் வழிக்குக் கட்டுச்சோறு. மாதக்கணக்கில் அதை வைத்தே எதிர்நீச்சல் போடும். இப்படி விரதம் இருந்துகொண்டு போகிற மீனைப் பிடிப்பதற்குத்தான் தூண்டில் வரலாற்றிலேயே மிக ஆடம்பரமான இரை பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஒரே ஒரு பொய்ப்பூச்சியைப் பழைய முறைப்படி கட்ட, தங்க ஃபெசன்ட்டின் கொண்டை, டூக்கானின் மார்பு, நெருப்புக்கோழி, கினிக்கோழி, வான்கோழி, மயில், மக்காவ் கிளி, கானமயில் இனத்துப் பறவை ஒன்று என்று ஒரு பறவைக் காட்சிசாலையே வேண்டும். முடிவில் இரண்டு பக்கமும் நம் ஊர் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு ஒவ்வொன்று. இத்தனையும் விரல் நீளம்கூட வராத ஒரு முள்ளின் மேல்! தின்னும் எண்ணமே இல்லாத மீன் அதை ஏன் கவ்வுகிறது, கோபத்தாலா, பழைய பழக்கத்தாலா என்ற வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனாலும் ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’ நூலைப் புரட்டினால், இந்த இறகு இங்கே, அந்த இழை அங்கே என்று பூசை விதி போல வகுத்திருப்பார்.

நான் பொய்ப்பூச்சி என்பதை ஆங்கிலத் தூண்டில்காரர்கள் ஃப்ளை என்கிறார்கள். அதைக்கொண்டு மீன் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங். இந்த விளையாட்டுக்கு எந்தக் கருவியை வாங்குவது, பூச்சியைக் கடையில் வாங்குவதா, வீட்டில் கட்டுவதா என்பது புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஐந்நூறு ஆண்டுகளாக இதற்கு எழுதப்பட்ட பதில்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்தது. செலவில் பெரும்பகுதி மீனின் கண்ணுக்காகச் செய்யப்படவில்லை, பிடிக்கிறவரின் கண்ணுக்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

முதலில் கருவி. நம் குளக்கரைத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். பொய்ப்பூச்சிக்கோ எடையே கிடையாது. ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து எவ்வளவு வேகமாக வீசினாலும் அது காலடியிலேதான் விழும். அதனால் இங்கே கயிறுதான் எடை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய, தடித்த, கொஞ்சம் கனமான கயிற்றைச் சாட்டை மாதிரிப் பின்னுக்கு வீசி, அது காற்றில் நீண்டதும் முன்னுக்குத் தள்ளினால், ஒரு வளையம் உருண்டுகொண்டே போய்ப் பிரியும். அதன் நுனியில் பூச்சி சும்மா உட்கார்ந்து சவாரி போகும். கழி என்பது கயிற்றின் எடையை வாங்கி வளைந்து திருப்பிக் கொடுக்கும் வில். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கடை காலி: முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கயிறு, பிறகே கழி. கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பளபளக்கும் கழியை முதலில் நீட்டிவிட்டு, கயிற்றை மீதிக் காசுக்கு ஒட்டவைப்பார்கள்.

கயிற்றுக்கு எண் உண்டு. அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் 1961-இல் வகுத்த கணக்கு அது. கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதே எண்ணைத் தீர்மானிக்கிறது. 5ஆம் எண் கயிற்றுக்கு அந்த 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம். கழியின் அடியில் அச்சடித்திருக்கும் எண் இந்தக் கயிற்றைத்தான் குறிக்கிறது. ஓடைகளில் விளையாடும் சிறு டிரவுட் மீனுக்கு 3 அல்லது 4, பொதுவாக டிரவுட் ஆறுகளுக்கு 5, பெரிய சால்மனுக்கும் கடலோர மீன்களுக்கும் 8 முதல் மேலே. இதில் ஒரு சூது இருக்கிறது. கழிகள் வரவர விறைப்பாகிவிட்டதால் 5 என்று எழுதிய கழி 5ஆம் எண் கயிற்றுக்கு வளைந்து கொடுப்பதில்லை. கழியை மாற்றுவதற்குப் பதில், கயிறு செய்கிறவர்கள் 5 என்று பெட்டியில் எழுதிவிட்டு உள்ளே ஐந்தரை, ஆறு எடையை வைத்து விற்கத் தொடங்கினார்கள். எனவே பெட்டியில் கிரெய்ன் எடை அச்சாகியிருந்தால் அதைப் பாருங்கள். எண்ணை நம்பினால் எடை ஏமாற்றும்.

கழிக்குப் பொருள் மாறிய கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கைவினைஞர்கள் மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஒன்றாக ஒட்டி அறுகோணக் கழி செய்யக் கற்றபோது, அவர்கள் கையில் இருந்தது கல்கத்தா துறைமுகத்திலிருந்து போன மூங்கில். கல்கத்தா கேன் என்றே அதற்குப் பெயர். 1900 வாக்கில் தெற்குச் சீனத்துக் குவாங்டொங் மாகாணத்தில் விளையும் டொங்கின் மூங்கில் அதை ஓரங்கட்டியது. அதன் நார் இன்னும் நெருக்கம், கணு இன்னும் தூரம். 1950-இல் கொரியப் போரின்போது அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட, மூங்கில் வரத்து நின்றது. அந்த இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வகத்தில் வலுப்பெற்ற கார்பன் இழை, 1973-இல் ஃபென்விக் நிறுவனத்தின் கழியாகக் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் எடைக் குறைப்பும் விறைப்பும்தான்.

விறைத்த கழி 80 அடி எறியும். கடை வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் எறிந்து பார்க்கும்போது அது பெரிய மயக்கம். ஆனால் டிரவுட்டுகள் பெரும்பாலும் 30, 40 அடிக்குள் பிடிபடுகின்றன. அந்தத் தூரத்தில் விறைத்த கழி வளையவே வளையாது, கையில் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கும். மெல்ல வளையும் 9 அடி, 5ஆம் எண் கழி ஒன்று, நடுத்தர விலையில். புதியவருக்கு நான் சொல்வது அவ்வளவுதான். ரீலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரைக்கிலோ டிரவுட்டுக்கு அது கயிறு சுற்றிவைக்கும் டப்பா. ஓடும் பெரிய மீனுக்குப் போகிறவர்கள் மட்டும் அதன் பிரேக்குக்குக் காசு கொடுக்கலாம். ஜப்பானிய மலையோடை முறையான தென்காராவில் ரீலே கிடையாது. நீளக் கழியின் நுனியில் நேராகக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் மூங்கில் கழியில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்று வேண்டும். நைலான் வருவதற்கு முன் அதைப் பட்டுப்புழுவிலிருந்து எடுத்தார்கள். கூடு கட்டப்போகும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து நீட்டுவார்கள். ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்து அளவுமுறை இன்றும் நைலான் சுருளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5எக்ஸ் என்று போட்டிருந்தால் 11-லிருந்து 5-ஐக் கழியுங்கள். வருவது 6, அதாவது தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு, 0.15 மில்லிமீட்டர். எக்ஸ் கூடக்கூட நரம்பு மெலியும். முள்ளின் எண்ணும் இதே போலத் தலைகீழ், எண் ஏற ஏற முள் சிறுக்கும். முள் எண்ணை மூன்றால் வகுத்தால் நரம்பின் எக்ஸ் ஏறத்தாழ வந்துவிடும். 15ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ். மீன் பக்கத்திலிருந்து பார்த்தால் பூச்சி நீரோட்டத்தோடு இயல்பாக மிதந்து வருகிறதா என்பதை முடிவு செய்வது இந்த நரம்புதான். இருப்பதிலேயே மலிவான பொருளும் இதுதான். இதில் மிச்சம் பிடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பூச்சிக்கு வருவோம். மாசிடோனியாவில் ஓர் ஆற்று மீனைப் பிடிக்க முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் மெழுகு நிற இறகு இரண்டைக் கட்டினார்கள் என்று கி.பி. 200 வாக்கில் ரோமானியரான ஈலியன் எழுதிவைத்திருக்கிறார். உயிருள்ள ஈயைக் கையில் பிடித்து முள்ளில் குத்தினால் அது நிறம் கெட்டுச் சிறகு உதிர்ந்துபோகும், அதனால்தான் இந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் 1496-இல் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு பூச்சிகளுக்குக் கட்டும் முறை இருக்கிறது. ஆக, சண்டை அப்போதே தொடங்கிவிட்டது: எந்த அளவுக்கு நிஜப் பூச்சியைப் போல இருக்க வேண்டும்?

இந்தச் சண்டை உச்சிக்குப் போனது தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில். சுண்ணப்பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் டெஸ்ட், இட்சென் ஆறுகளின் தண்ணீர் கண்ணாடி. அடியில் நிற்கும் டிரவுட்டைக் கரையிலிருந்தே எண்ணலாம். ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886-இல் வெளியிட்ட நூலில் மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் வகைகளை வண்ணப் படங்களோடு அடுக்கினார். மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். மேலே வந்து கவ்வும் மீனுக்கு மட்டும், மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியை மட்டும், நீரோட்டத்துக்கு எதிராக எறிய வேண்டும் என்பது அவரைப் பின்பற்றியவர்களிடம் சாஸ்திரமாகிவிட்டது. 1910-இல் அவர் தம் பட்டியலை 33 வகையாகச் சுருக்கினார். அதே ஆண்டு ஜி. இ. எம். ஸ்கூஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் வேறொரு புத்தகத்தோடு வந்தார். பிடித்த மீனின் வயிற்றில் இருப்பதைப் பீங்கான் தட்டில் கொட்டிப் பார்க்கிறவர் அவர். வயிற்றில் பெரும்பாலும் இருந்தவை சிறகு முளைக்காத, தண்ணீருக்குள்ளேயே வாழும் இளம் பருவப் பூச்சிகள். நிம்ஃப் என்பார்கள். மீன் கீழே தின்கிறது, நீங்கள் மேலே பரிமாறுகிறீர்கள் என்பது ஸ்கூஸின் வாதம். நிம்ஃபைப் பயன்படுத்துவது நியாயமா என்று லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் 1938-இல் விவாதமே நடந்தது. கிட்டத்தட்ட மதச் சண்டை.

இதற்கு மீனின் கண்ணிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளி விலகலால், வெளி உலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடும். அந்தக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு ஜன்னலின் விட்டம் இரண்டேகால் அடி. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி, ஆற்றின் அடித்தளத்தைத்தான் காட்டும். மிதந்து வரும் பூச்சி முதலில் அந்தக் கண்ணாடிப் பகுதியில் வருகிறது. அப்போது தெரிவது உடலின் நிறம் கிடையாது. கால்கள் பரப்பை அழுத்திய குழிகளில் மின்னும் ஒளிப்புள்ளிகள்தான். ஜன்னல் விளிம்பைத் தொடும்போது சிறகு முதலில் எட்டிப்பார்க்கும். நடுவுக்கு வந்தபின்பும் வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே அது ஒரு நிழலுருவம். அமெரிக்காவில் வின்ஸ் மாரினாரோவும், இங்கிலாந்தில் 1980-இல் வெளிவந்த நூலில் பிரையன் கிளார்க், ஜான் காடர்ட் இருவரும் தொட்டிக்குள்ளிருந்து படமெடுத்துக் காட்டியது இதைத்தான். ஹால்ஃபோர்டின் நிற நுணுக்கங்களில் பலவற்றை மேலிருந்து பார்த்து ரசித்தவர் ஹால்ஃபோர்ட் ஒருவரே என்று எனக்குப் படுகிறது. அளவும், உருவமும், பரப்பில் உட்காரும் விதமும் சரியாக இருந்தால் மீதியை மீன் மன்னித்துவிடுகிறது.

இந்த முடிவைக் கையால் செய்து காட்டியவர் ஃபிராங்க் சாயர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலர். பெரிய படிப்பு இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நிம்ஃப் நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது என்று கண்டார். அப்படியானால் காலுக்கு எதற்கு இறகு? விட்டுவிட்டார். பூச்சி சீக்கிரம் மூழ்க வேண்டும். அப்படியானால் நூலுக்குப் பதில் செம்புக் கம்பியாலேயே கட்டினால்? ஆக இரண்டே பொருள்: ஃபெசன்ட் சேவலின் வால் இழை, மயிர்த்தடிமன் செம்புக் கம்பி.

14ஆம் எண் முள் ஒன்றை வைஸில், அதாவது முள்ளை இறுகப் பிடிக்கும் கருவியில், மாட்டிக் கட்டிப் பாருங்கள். முள்ளின் தண்டு முழுவதும் கம்பியைச் சுற்றி, நரம்பு கோக்கும் துளையான முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால் ஒரு கூன் விழும். அது பூச்சியின் மார்பு. கம்பியை வளைவு வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். நாலு வால் இழைகளை நுனி மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டுமாறு வைத்துக் கட்டினால் அதுவே பூச்சியின் வால். இனி இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, கயிறு திரிப்பது போல முன்னுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். செம்பு இடையிடையே மினுங்கும். கண்ணுக்கு அருகில் வந்ததும் இழைகளைப் பிரித்து, கூனின் மேல் பின்னுக்கு மடித்துக் கட்டி, மறுபடி முன்னுக்கு மடித்துக் கட்டினால் சிறகுப் பை. இரண்டு சுருக்கு, கத்தரியால் ஒரு வெட்டு. கைபழகியவருக்கு ஐந்து நிமிஷம். நான் முதன்முதலில் கட்டியதில் கம்பி முள்ளின் கண்ணையே அடைத்துவிட்டது. நரம்பு கோக்க வழியில்லை. கட்டப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. முன்னால் இடம் விடவேண்டும் என்பது பத்து பூச்சி வீணான பிறகுதான் விரலுக்கு ஏறும்.

இன்று இதே பெயரில் கடையில் விற்பதைப் பாருங்கள். மார்புக்கு மயில் பீலி, பக்கத்துக்குக் கால்கள், தலைக்குப் பொன்னிற டங்ஸ்டன் மணி. மணியிலாவது ஒரு நியாயம் உண்டு, சீக்கிரம் மூழ்கும். மற்றதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளருக்கு.

வீட்டில் கட்டினால் மிச்சமாகுமா? ஆகாது என்பதே நேர்மையான பதில். வைஸ், நூற்கண்டு பிடிக்கும் பாபின், இறகுக் குறடு, நல்ல கத்தரி என்று தொடங்கி, ஒரு பூச்சிக்கு வாங்கிய பொருள் மூன்று பூச்சிக்கு ஆசையைக் கிளப்பிவிடும். மிதக்கும் பூச்சிக்கு வேண்டிய சேவல் இறகு ஒன்றே தனிச் சந்தை. இழை விறைப்பாகவும், ஒரே நீளமாகவும், இறகு முழுக்க ஒரே அகலமாகவும் இருக்கவேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேவல் வளர்க்கிறார்கள். கேட்ஸ்கில் மலையில் ஹாரி டார்பி வளர்த்த சாம்பல் நிறச் சேவல்கள் பேர்போனவை. ஹென்றி ஹாஃப்மனின் சேவல் வம்சம் 1989-இல் கொலராடோவின் டாம் ஒயிட்டிங் கைக்குப் போய்ப் பெரும் தொழிலானது. 2011-இல் அமெரிக்கப் பெண்களிடையே தலைமுடியில் நீள இறகு செருகும் மோகம் வந்தபோது, தூண்டில் கடைகளில் அந்த இறகு காணாமல் போய், விலை பல மடங்கு ஏறியது. சலூன்காரர்கள் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். ஆற்றங்கரையில் அந்த ஆண்டு கேட்ட புலம்பல் கொஞ்சநஞ்சமில்லை.

ஆசையின் மறுமுனை இன்னும் இருண்டது. 2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து, 299 பறவைத் தோல்களைத் திருடிக்கொண்டு போனான் ஒரு மாணவன். லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்தவன், சால்மன் பூச்சி கட்டுவதில் கெட்டிக்காரன். அவற்றுள் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் இருந்தன. பெயரும் நாளும் இடமும் எழுதிய சீட்டுகள் பிய்ந்துபோனதால், திரும்பக் கிடைத்தவற்றிலும் பல ஆய்வுக்குப் பயனற்றுப் போயின. கெல்சன் காலத்துச் செய்முறைகளை எழுத்துக்கு எழுத்து கட்டிப் பார்க்கவேண்டும் என்ற வெறி இது. அப்படிக் கட்டிய பூச்சிகளில் பெரும்பாலானவை தண்ணீரையே காண்பதில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படுகின்றன.

நம் காட்டுக்கோழியும் இந்த வெறிக்கு விலை கொடுத்தது. தென்னிந்தியக் காடுகளில் விடியலில் கூவும் அந்தச் சேவலின் கழுத்து இறகில், எனாமல் சொட்டு வைத்தது போல மஞ்சளும் வெண்மையுமாகக் கெட்டியான புள்ளிகள் இருக்கும். மீனின் கண் போலத் தெரியும் என்பதே அதற்கு மவுசு. விக்டோரியா காலம் முதல் தோல்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. இந்தியா ஏற்றுமதியைத் தடுத்து, 1972 வனவிலங்குச் சட்டமும் வந்தபின், பிரிட்டனில் அதே கோழியைப் பண்ணையில் வளர்த்து இறகு விற்கிறார்கள். வர்ணம் பூசிய போலிகளும் உண்டு. அவற்றையும் சால்மன் கவ்வத்தான் செய்கிறது.

நீலகிரிக்கு டிரவுட் வந்தது எதிர்த்திசையில். பிரான்சிஸ் டே 1860களில் முட்டைகளைக் கொண்டுவந்து முயன்றார், நிலைக்கவில்லை. எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் சோலை ஓடைகளில் காலூன்றியது. அதைப் பிடிக்கப் போன துரைமார் பெட்டியில் இங்கிலாந்துப் பூச்சிகளின் உருவங்கள். ஓடையில் மிதந்தவையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் பூச்சிகள். ஆனாலும் மீன் விழுந்தது. கட்டும் நுணுக்கத்தில் ஊர்வாரி ஒற்றுமை தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் ஏன் கட்ட வேண்டும்? ஒரு பொய்ப்பூச்சியைக் கட்ட, முதலில் ஆற்றில் ஒரு கல்லைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அடியில் ஒட்டியிருப்பதன் நீளம் என்ன, வால் இரண்டா மூன்றா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் வாங்குகிறவருக்கு அந்த வேலை இல்லை. தொடங்குகிறவர்கள் முப்பது பொருள் அடைத்த ஆரம்பப் பெட்டியை வாங்காதீர்கள். பாதி உதவாது, மீதி போதாது. ஒரே ஒரு வகையைத் தேர்ந்து, அதற்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இரண்டு டஜன் கட்டுங்கள். தலைமுடிச்சுக்கு நிறமில்லாத நகப்பூச்சு போதும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், விடுவிக்கும் மீனுக்கு வாய் கிழியாது.

சாயருக்கு இன்னொரு பூச்சியும் உண்டு. அது நிம்ஃபைவிட எளிது: செம்புக் கம்பியின் மேல் கம்பளி நூலைச் சுற்றியது, அவ்வளவுதான். கிரேலிங் மீனுக்காகக் கட்டினார். காலுறை ஓட்டையைத் தைக்க அட்டையில் சுற்றி விற்ற சாட்விக் கம்பெனியின் 477ஆம் எண் நூல், நனைந்தால் மங்கிய இளஞ்சிவப்பாக மாறும் என்பதால் அதையே பிடித்துக்கொண்டார். பிற்பாடு கம்பெனி அந்த நூலை நிறுத்திவிட்டது. இப்போது பழைய அட்டை ஒன்று எங்காவது கிடைத்தால் ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள், ஒரு சாண் நூலை வெட்டிப் பொட்டலம் கட்டியும் விற்கிறார்கள். அதே நிறத்தில் வேறு கம்பளி எந்தக் கடையிலும் கிடைக்கும்.